நெபுலா படம் சரியாக வரவில்லையா? அறிகுறியைப் பார்த்துப் பிழையைப் பிடிக்கும் வழி

இரவு முழுக்க எடுத்த படங்களை மென்பொருளில் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிப் பார்த்ததும் ஏதோ சரியில்லை என்று தோன்றினால், அடுக்கிய படத்தை மூடி வையுங்கள். அடுக்கும்போது எல்லாம் சராசரியாகிவிடுவதால் பிழையின் உருவமும் சேர்ந்து கரைந்துபோகும். உண்மையைச் சொல்வது தனிப் படம்தான். அன்றைய முதல் படம், நடுவில் ஒன்று, கடைசிப் படம் என்று மூன்றை எடுத்து, நூறு சதவீத அளவில் விரித்து, ஒவ்வொன்றிலும் நடுப்பகுதியையும் நான்கு மூலைகளையும் பாருங்கள்.

கேட்டுக்கொள்ள வேண்டியவை மூன்று. கோளாறு படம் முழுக்க ஒரே மாதிரி இருக்கிறதா, மூலைகளில் மட்டுமா? எல்லாப் படங்களிலும் இருக்கிறதா, சிலவற்றில் மட்டுமா? முதலிலிருந்தே இருக்கிறதா, நேரம் போகப் போக வளர்ந்ததா? பதில்களை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். புது ஃபில்டரும் புது கேமராவும் தேடுவதற்கு முன்னால் இதைச் செய்தே ஆக வேண்டும். சிறு தொலைநோக்கியில் வரும் கோளாறுகளில் பெரும்பாலானவை தளர்ந்த திருகு, சமநிலை, ஃபோகஸ், பனி ஆகிய நான்கிலிருந்தே வருகின்றன. பணம் செலவழித்துத் தீருபவை குறைவு. ஒரு தடவையில் ஒன்றை மட்டும் மாற்றிப் பாருங்கள். இரண்டை ஒன்றாக மாற்றினால் எது குணப்படுத்தியது என்று தெரியாமலே போய்விடும்.

கேமராவில் எதுவுமே தெரியவில்லை

கண்ணால் பார்க்கும்போது பளிச்சென்று தெரிந்த நட்சத்திரம், கேமராவைப் பொருத்தியதும் காணாமல் போகும். கேமரா பழுதில்லை, ஃபோகஸ் எட்டவில்லை.

லென்ஸ் வைத்த ரிஃப்ராக்டரில் கண்ணால் பார்க்கும்போது இடையில் ஒளியைத் திருப்பிவிடும் கண்ணாடி, அதாவது டயகனல் இருக்கும். அது ஒளிப்பாதையில் ஏழெட்டு சென்டிமீட்டர் வரை எடுத்துக்கொள்ளும். அதைக் கழற்றிவிட்டுக் கேமராவை நேராகப் பொருத்தினால் அந்தத் தூரம் குறைந்துவிடுகிறது. அந்த அளவுக்கு நீட்டிப்புக் குழாய் போட வேண்டும். ஆடி வைத்த நியூட்டோனியனில் பிரச்சினை நேர் எதிர். ஃபோகஸரை முழுக்க உள்ளே தள்ளினாலும் பிம்பம் விழும் இடம் கேமராவின் சென்சாரை எட்டாது. முதன்மை ஆடியைக் குழாய்க்குள் சற்று முன்னே நகர்த்துவது அல்லது உயரம் குறைந்த ஃபோகஸரை மாட்டுவது நிரந்தரத் தீர்வு. குவியத் தூரத்தைக் கூட்டும் பார்லோ லென்ஸ் போட்டாலும் ஃபோகஸ் கிடைக்கும், ஆனால் இரண்டு மடங்கு பார்லோ எஃப் எண்ணையும் (குவியத் தூரத்தை லென்ஸ் அல்லது ஆடியின் விட்டத்தால் வகுத்த எண்) இரண்டு மடங்காக்கும். அதே ஒளி சேர நான்கு மடங்கு நேரம் வேண்டும். நிலவுக்குச் சரி, நெபுலாவுக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன்.

ஃபோகஸ் எட்டுகிறதா என்பதைப் பகலிலேயே தொலைதூரக் கோபுரத்தையோ மலையையோ பார்த்துச் சோதித்துவிடலாம். சூரியன் இருக்கும் பக்கம் மட்டும் குழாயைத் திருப்பவே கூடாது. இரவில் தேடுவதானால் கெயினை (கேமராவின் ஒளி உணர்வு அளவை) ஏற்றி, மூன்று நான்கு விநாடி எக்ஸ்போஷர் (ஒளி வாங்கும் நேரம்) வையுங்கள். ஃபோகஸ் வெகுவாக விலகிய நட்சத்திரம் பெரிய மங்கிய வட்டாகத்தான் தெரியும். ஃபோகஸரைத் திருப்ப வட்டு சிறுத்தால் சரியான பக்கம் போகிறீர்கள்.

நட்சத்திரங்கள் பருத்து மங்கலாக இருக்கின்றன

எல்லாப் படங்களிலும், முதலிலிருந்தே, படம் முழுக்க என்றால் ஃபோகஸ்தான். எஃப்/5 தொலைநோக்கியில் கூர்மை நிற்கும் ஆழம் ஒரு மில்லிமீட்டரில் நூற்றில் ஏழு பங்கு அளவுதான். திரையில் பார்த்துக் கண் மதிப்பில் அதைப் பிடிக்க முடியாது. பாவெல் பாக்தினோவ் என்ற ரஷ்ய ஆர்வலர் 2005-இல் அறிமுகப்படுத்திய, கீற்றுகள் வெட்டிய முகமூடியைக் குழாயின் வாயில் மாட்டுங்கள். எடுக்கப்போகும் பொருளுக்குப் பக்கத்தில் உள்ள பிரகாசமான நட்சத்திரம் ஒன்றைப் பாருங்கள். மூன்று கதிர்கள் தெரியும்: இரண்டு பெருக்கல் குறி போலக் குறுக்கே வெட்டிக்கொள்ளும், மூன்றாவது அவற்றின் நடுவே ஓடும். அந்த மூன்றாவது கோடு, மற்ற இரண்டும் வெட்டும் புள்ளியின் வழியே துல்லியமாகப் போகும்போது ஃபோகஸ் பிடித்துவிட்டது. பிறகு ஃபோகஸரின் பூட்டுத் திருகை இறுக்குவீர்கள். இறுக்கும்போதே கோடு நகர்வதைப் பார்க்கலாம். அதனால் இறுக்கிய பிறகு இன்னொரு படம் எடுத்துச் சரிபாருங்கள். முகமூடியைக் கழற்ற மறக்காதீர்கள்.

முதல் படங்கள் கூர்மையாக இருந்து பிறகு பருத்தால் இரண்டு காரணங்கள் உண்டு. இரண்டையும் பிரித்தறிய வேண்டும். குளிரில் குழாய் சுருங்கி ஃபோகஸ் நகர்ந்திருந்தால் நட்சத்திரம் ஒரே சீராகப் பெருத்திருக்கும், விளிம்பு மட்டும் ஓரளவு தெளிவாக இருக்கும். பனி படிந்திருந்தால் பிரகாசமான நட்சத்திரங்களைச் சுற்றி மென்மையான ஒளிவட்டம் வரும், மங்கலான நட்சத்திரங்கள் ஒவ்வொன்றாக மறையும், பின்னணி வெளிறும். சிவப்பு டார்ச்சைச் சாய்வாகப் பிடித்து முன் லென்ஸைப் பார்த்தால் உடனே தெரிந்துவிடும். நியூட்டோனியனில் முதலில் நனைவது மேலே இருக்கும் சிறு ஆடி. துணியால் துடைக்கவே வேண்டாம், பூச்சு கீறிவிடும். சூடேற்றும் பட்டையை லென்ஸ் விளிம்பைச் சுற்றிக் கட்டி, பனி விழும் முன்பே இயக்கிவிடுங்கள். விழுந்த பிறகு காயவைப்பதைவிட விழாமல் தடுப்பது மிகக் குறைந்த மின்சாரத்தில் முடிகிற காரியம். குளிர் இறங்குகிற இரவுகளில் மணிக்கு ஒரு முறையாவது ஃபோகஸைப் பாருங்கள்.

இடையிடையே சில படங்கள் மட்டும் மங்கினால் மெல்லிய மேகம் கடந்திருக்கும். பொருள் தாழ்வாக இருக்கும்போது எடுத்தவை மட்டும் மோசமென்றால் காற்றுதான் காரணம். முப்பது டிகிரி உயரத்தில் இருக்கும் பொருளை உச்சியில் இருப்பதைக் காட்டிலும் இரு மடங்கு காற்றின் வழியாகப் பார்க்கிறோம்.

நட்சத்திரங்கள் கோடாக இழுபடுகின்றன

அதிகம் பேரை அலைக்கழிப்பது இதுதான், அதனால் இங்கே சற்று நின்று பார்க்கலாம். முதலில் உங்கள் ஒரு பிக்சல் வானத்தில் எவ்வளவு இடத்தைப் பிடிக்கிறது என்று தெரிய வேண்டும். பிக்சல் அளவை மைக்ரானில் எழுதி 206-ஆல் பெருக்கி, குவியத் தூரத்தால் (மில்லிமீட்டரில்) வகுங்கள். 3.76 மைக்ரான் பிக்சலும் 400 மில்லிமீட்டர் குவியத் தூரமும் இருந்தால் ஒரு பிக்சலுக்கு ஏறத்தாழ 1.9 ஆர்க்விநாடி (ஓர் ஆர்க்விநாடி என்பது ஒரு டிகிரியில் 3600-இல் ஒரு பங்கு). வானமோ விநாடிக்கு 15 ஆர்க்விநாடி நகர்கிறது. தொலைநோக்கியைத் தாங்கி வானத்தோடு திருப்பும் மவுண்ட் நின்றுபோனால் ஒரே விநாடியில் எட்டு பிக்சல் நீளக் கோடு விழும்.

அடுத்து, இழுப்பு எந்தத் திசையில் என்று கண்டுபிடிக்க வேண்டும். இதற்கு எளிய சோதனை ஒன்று உண்டு. இருபது விநாடி எக்ஸ்போஷர் ஒன்றைத் தொடங்குங்கள். முதல் பத்து விநாடி மவுண்ட் தன் பாட்டுக்குப் பின்தொடரட்டும். பிறகு கைக் கட்டுப்பாட்டில் கிழக்குப் பொத்தானை மிகக் குறைந்த வேகத்தில் அழுத்திப் பிடியுங்கள். படத்தில் ஒவ்வொரு நட்சத்திரமும் ஒரு புள்ளியும் அதிலிருந்து கிளம்பும் வாலுமாக விழும். அந்த வாலின் திசைதான் உங்கள் படத்தில் கிழக்கு மேற்கு. அதற்குச் செங்குத்து, வடக்கு தெற்கு. இனி கோளாறான படத்தை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

இழுப்பு கிழக்கு மேற்காக இருந்து, சில படங்கள் வட்டமாகவும் சில நீண்டும் மாறி மாறி வந்தால் அது பற்சக்கரத்தின் தவறு. மவுண்டுக்குள் பற்சக்கரத்தைத் திருப்பும் புழுத்திருகு ஒரு சுற்றுக்குள் சற்று வேகமாகவும் சற்று மெதுவாகவும் ஓடும். 180 பல் கொண்ட சக்கரத்தில் இந்தச் சுழற்சி 8 நிமிடம், 144 பல் என்றால் 10 நிமிடம். அரை நிமிடப் படங்களாக இரண்டு மூன்று சுழற்சிக்குத் தொடர்ந்து எடுத்துப் பார்த்தால் நல்லவையும் கெட்டவையும் அதே இடைவெளியில் திரும்பத் திரும்ப வரும். ஆட்டோகைடிங், அதாவது துணைக் குழாயும் கேமராவும் ஒரு நட்சத்திரத்தைக் கவனித்து மவுண்டைத் தானாகத் திருத்தும் முறை, இருந்தால் இது அடங்கிவிடும். இல்லாவிட்டால் எக்ஸ்போஷரைக் குறைத்து, கெட்ட படங்களைக் கழித்துவிடுங்கள். கூடவே சமநிலையில் கிழக்குப் பக்கத்தை இம்மியளவு கனமாக வையுங்கள். பற்கள் எப்போதும் ஒரே பக்கமாக அழுந்தியிருக்கும். சிறு மவுண்டுகளில் இந்தச் சின்ன விஷயம் தரும் பலன் பெரியது.

இழுப்பு வடக்கு தெற்காக, எல்லாப் படங்களிலும் ஒரே பக்கம், ஒரே அளவில் இருந்தால் துருவச் சீரமைப்பு, அதாவது மவுண்டின் சுழல் அச்சை வானத்தின் துருவத்தை நோக்கி வைப்பது, பிசகியிருக்கிறது. கணக்கு இதுதான்: அச்சு ஓர் ஆர்க்நிமிடம் (60 ஆர்க்விநாடி) விலகினால் நிமிடத்துக்கு அதிகபட்சம் 0.26 ஆர்க்விநாடி வழுக்கும். பத்து ஆர்க்நிமிடம் விலகினால் 2.6, மேலே சொன்ன கருவியில் ஐந்து நிமிட எக்ஸ்போஷரில் ஏழு பிக்சல் நீளும். துருவ நட்சத்திரத்தை நடுவில் கொண்டுவந்து வைத்தால் போதும் என்று நினைப்பவர்கள் உண்டு. அந்த நட்சத்திரமே வானத்தின் உண்மையான துருவத்திலிருந்து அரை டிகிரிக்கும் கூடுதலாகத் தள்ளி இருக்கிறது. மவுண்டின் அச்சில் இருக்கும் துருவக் குழாயில் குறித்திருக்கும் வட்டத்தில் அன்றைய நேரத்துக்கான இடத்தில் அதை வைக்க வேண்டும். துருவ நட்சத்திரம் தெரியாத இடத்தில் நட்சத்திரம் வழுக்கும் திசையைப் பார்த்து அச்சைத் திருத்தும் டிரிஃப்ட் முறையோ, கேமராப் படத்தை வைத்து விலகலைக் கணக்கிடும் மென்பொருளோ கைகொடுக்கும்.

எந்த ஒழுங்கும் இல்லாமல் ஆங்காங்கே சில படங்கள் மட்டும் கெட்டால் காற்று, தொங்கும் கேபிள், பக்கத்தில் நடக்கும் காலடி ஆகியவற்றைச் சந்தேகியுங்கள். கேபிளைக் குழாயிலிருந்து நேரே தரைக்கு விடாமல் மவுண்டின் தலையில் ஒரு முறை கட்டிவிட்டு இறக்குங்கள். நட்சத்திரம் இரட்டைப் புள்ளியாக விழுந்தால் நடுவில் ஒரு குலுக்கல் நடந்திருக்கிறது, ஏதோ ஒரு திருகு தளர்ந்திருக்கிறது என்று பொருள்.

கைடிங் வரைபடம் அழகாக நேர்கோட்டில் ஓடியும் நட்சத்திரம் மெல்ல மெல்ல நீள்கிறதா? கைடு குழாயும் முதன்மைக் குழாயும் ஒன்றாக நகரவில்லை. ஒன்று மற்றதைவிடச் சற்று தொய்கிறது. வளையங்களை இறுக்குங்கள், ஃபோகஸர் தன் எடையில் சாய்கிறதா என்று கையால் அசைத்துப் பாருங்கள்.

நடுவில் வட்டமாக இருந்து, ஓரம் போகப் போக ஒரு புள்ளியைச் சுற்றிய வில்லாக நீண்டால் படம் சுழன்றிருக்கிறது. மேலும் கீழும் பக்கவாட்டிலும் மட்டும் நகரும் ஆல்ட்-அஸ் மவுண்டில் இது இயல்பு. உச்சி வானத்தில் மிக மோசமாக இருக்கும், நேர் கிழக்கிலும் நேர் மேற்கிலும் மிகக் குறைவு. பொருளை அந்தப் பக்கங்களில் இருக்கும்போது பிடித்து, பத்து இருபது விநாடிப் படங்களாக எடுங்கள். விண்மீன் கொத்துகளுக்கு இதுவே தாராளம்.

நடுவில் வட்டம், மூலையில் மட்டும் கோணல்

நான்கு மூலைகளிலும் ஒரே அளவு கோணல் என்றால் ஒளியியல். ரிஃப்ராக்டரின் பிம்பத் தளம் வளைந்தது, சென்சார் தட்டையானது. இரண்டையும் ஒட்டவைப்பது ஃபிளாட்னர். ஃபிளாட்னர் ஏற்கெனவே இருந்தும் கோணல் என்றால் அதற்கும் சென்சாருக்கும் இடையிலான தூரத்தை அளந்து பாருங்கள். பெரும்பாலானவை 55 மில்லிமீட்டர் கேட்கும். மூலை நட்சத்திரங்கள் நடுவை நோக்கி நீண்டிருந்தால் தூரம் பெரும்பாலும் குறைவு, நடுவைச் சுற்றி வளைந்திருந்தால் அதிகம். இடையில் ஃபில்டர் இருந்தால் அதன் தடிமனில் மூன்றில் ஒரு பங்கைக் கூட்டிக்கொள்ள வேண்டும். அரை மில்லிமீட்டர் வளையங்களாகச் சேர்த்துச் சோதியுங்கள். நியூட்டோனியனில் மூலை நட்சத்திரங்கள் வால் முளைத்துத் தெரியும். அது கோமா, அதற்கென்று தனித் திருத்தி உண்டு.

ஒரு மூலை அல்லது ஒரு பக்கம் மட்டும் கெட்டிருந்தால் சாய்வு. கேமராவை 180 டிகிரி திருப்பிப் பொருத்தி இன்னொரு படம் எடுங்கள். கோணல் படத்தில் அதே மூலையில் நின்றால் சாய்வு கேமராவுக்குள் இருக்கிறது. எதிர் மூலைக்குப் போனால் ஃபோகஸரிலோ தொலைநோக்கியிலோ இருக்கிறது. கிடைத்த பதிலைப் பொறுத்து ஒரு பக்கத்தை மட்டும் பிரித்துப் பார்த்தால் போதும்.

முக்கோணமாகத் தெரியும் நட்சத்திரம், ஆடியையோ லென்ஸையோ பிடித்திருக்கும் பிடிகள் அளவுக்கு மீறி இறுகியதன் அடையாளம். பிரகாசமான நட்சத்திரங்களைச் சுற்றி ஊதா வளையம் இருந்தால் சாதாரண இரட்டை லென்ஸ் நீல ஒளியை மற்ற நிறங்களோடு ஒரே இடத்தில் குவிக்கவில்லை. அதைக் குறைக்கலாம், முழுக்கப் போக்க முடியாது.

நெபுலாவே தெரியவில்லை

நட்சத்திரங்கள் அருமையாக இருக்கின்றன, நெபுலா மட்டும் இல்லை. முதலில் எந்த வகை நெபுலா என்று பாருங்கள். வட அமெரிக்க நெபுலா (என்ஜிசி 7000), ரோசெட் போன்றவை ஹைட்ரஜன் வாயு தானே ஒளிர்பவை. அந்தச் சிவப்பு 656.3 நானோமீட்டரில் விழுகிறது. மாற்றியமைக்காத டிஎஸ்எல்ஆர் கேமராவின் உள் ஃபில்டர் அந்தச் சிவப்பில் பெரும் பகுதியைத் தடுத்துவிடும். மணிக்கணக்கில் எடுத்தும் வெளிறிய தடயம்தான் கிடைக்கிறது என்றால் காரணம் இதுதான். அந்தக் கேமராவோடு ஓரியன் நெபுலா, டம்பெல் நெபுலா (எம்27) ஆகியவற்றில் தொடங்குங்கள்; இவற்றில் 500.7 நானோமீட்டரில் விழும் ஆக்சிஜன் ஒளியும் வலுவாக இருப்பதால் கேமரா நன்றாகவே பிடிக்கும்.

ஹைட்ரஜனையும் ஆக்சிஜனையும் மட்டும் விடும் இரட்டைப் பட்டை ஃபில்டர் நகர ஒளியிலும் நிலவொளியிலும் வாயு நெபுலாக்களைக் காப்பாற்றும். ஆனால் கார்த்திகைக் கூட்டத்தைச் (எம்45) சுற்றியுள்ள நீலப் படலம் நட்சத்திர ஒளியைத் தூசு சிதறடிப்பதால் வருவது. அதற்கு அந்த ஃபில்டரைப் போட்டால் உள்ளதும் போகும். விண்மீன் கொத்துகளுக்கும் அப்படியே. இவற்றுக்கு மருந்து இருண்ட, நிலவில்லாத வானம் ஒன்றுதான்.

வகை சரிதான் என்றால் ஹிஸ்டோகிராமைப் பாருங்கள். இடப்பக்கம் இருட்டு, வலப்பக்கம் வெளிச்சம் என்று பிக்சல்களின் ஒளி அளவைக் காட்டும் வரைபடம் அது. மேடு இடது சுவரை ஒட்டிக்கொண்டிருந்தால் எக்ஸ்போஷர் போதவில்லை. சுவரை விட்டுத் தெளிவாக விலகி நிற்கும் வரை கூட்டுங்கள். விலகிய பிறகு ஒவ்வொரு படத்தையும் நீட்டுவதில் பெரிய லாபமில்லை, எண்ணிக்கையைக் கூட்டுவதில்தான் லாபம். நான்கு மடங்கு படங்கள் சேர்த்தால் இரைச்சலுக்கு எதிரே ஒளி இரு மடங்கு தெளிவாகும். ஹென்றி டிரேப்பர் 1880 செப்டம்பர் 30 அன்று 11 அங்குலத் தொலைநோக்கியில் 51 நிமிடம் திறந்துவைத்து ஓரியன் நெபுலாவை முதன்முதலாகப் புகைப்படத்தில் பிடித்தார். இன்றைய சென்சார் அந்த நேரத்தில் எவ்வளவோ கூடுதலாகத் தருகிறது, ஆனாலும் மங்கலான பொருள் கேட்பது இன்னும் நேரத்தைத்தான்.

நடுப்பகுதி வெள்ளையாக வெந்துவிட்டது

ஓரியன் நெபுலாவின் மையத்தில் உள்ள டிரபீசியம் நட்சத்திரங்களின் பக்கம் மிகப் பிரகாசம்; வெளிச் சிறகுகள் மிக மங்கல். ஒரே எக்ஸ்போஷரில் இரண்டும் வராது. ஐந்து, பத்து விநாடிப் படங்களாக ஒரு தொகுதி, ஒன்று இரண்டு நிமிடப் படங்களாக இன்னொன்று எடுத்து, தனித்தனியே அடுக்கி, பிறகு மையத்தை மட்டும் முதல் தொகுதியிலிருந்து கலக்குங்கள்.

விண்மீன் கொத்துகளில் இது நிறம் போவதாகத் தெரியும். நீல நட்சத்திரமும் சிவந்த நட்சத்திரமும் ஒரே வெள்ளைப் புள்ளிகளாக நின்றால் சென்சார் நிரம்பி வழிந்திருக்கிறது. ஐஎஸ்ஓவை (டிஎஸ்எல்ஆரில் கெயினுக்கு இணையானது) குறையுங்கள், நேரத்தைக் குறையுங்கள். பெர்சியஸின் இரட்டைக் கொத்தில் (என்ஜிசி 869, 884) நீல வெள்ளைக் கூட்டத்துக்கு இடையே சிதறிக் கிடக்கும் சிவந்த நட்சத்திரங்கள்தான் அழகே. அவை நிறத்தோடு வராத படத்தை நான் முடிந்த படமாகக் கருத மாட்டேன்.

வளையக் கறைகளும் இருண்ட மூலைகளும்

வளையங்கள் தூசியின் நிழல். எந்தக் கண்ணாடியில் இருக்கிறது என்பதை வளையத்தின் அளவே சொல்லும். வளையத்தின் விட்டத்தைப் பிக்சலில் எண்ணி, பிக்சல் அளவால் பெருக்கி, எஃப் எண்ணால் பெருக்குங்கள். சென்சாரிலிருந்து தூசி இருக்கும் தூரம் கிடைத்துவிடும். எஃப்/6-இல் 100 பிக்சல் வளையம், 3.76 மைக்ரான் பிக்சலில், இரண்டேகால் மில்லிமீட்டர்: சென்சாரின் மேல்கண்ணாடி. 600 பிக்சல் வளையம் என்றால் பதின்மூன்றரை மில்லிமீட்டர்: ஃபில்டர் அல்லது கேமராவின் வாசல் கண்ணாடி. அதை மட்டும் ஊதித் துடைத்தால் போதும். முன் லென்ஸில் இருக்கும் தூசு வளையம் உண்டாக்காது.

துடைக்க முடியாததை ஃபிளாட் படங்கள் (சீரான ஒளியை மட்டும் எடுத்தவை) சரிசெய்யும், ஒரு நிபந்தனையோடு: கேமராவின் கோணமும் ஃபோகஸும் படம் எடுத்தபோது இருந்தபடியே இருக்க வேண்டும். அதனால் கருவியைக் கழற்றும் முன் எடுத்துவிடுங்கள். குழாயின் வாயில் வெள்ளைத் துணியைச் சுருக்கமின்றிக் கட்டி, சீரான ஒளியைக் காட்டி, ஹிஸ்டோகிராம் மேடு மூன்றில் ஒரு பங்குக்கும் பாதிக்கும் நடுவே நிற்குமாறு எடுங்கள்.

ஃபிளாட் போட்ட பிறகு மூலைகள் இருளாமல் மாறாக வெளுத்து, வளையங்கள் வெள்ளையாகத் திரும்பினால், பொதுவாக நெபுலாப் படங்களிலிருந்து டார்க் (குழாயின் வாயை மூடி, அதே எக்ஸ்போஷரில் எடுத்த படம்) அல்லது பயாஸ் (வாயை மூடி, மிகக் குறைந்த எக்ஸ்போஷரில் எடுத்த படம்) கழிக்கப்படவில்லை. மூலைகள் இன்னும் கொஞ்சம் இருட்டாகவே நின்றால் ஃபிளாட்டிலிருந்து பயாஸ் கழிக்கப்படவில்லை. இந்த இரண்டையும் நினைவில் வைத்துக்கொண்டால் ஃபிளாட்டையே குறைசொல்லித் தூக்கி எறிய வேண்டியிருக்காது. ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் வரை சரிவாக ஓடும் வெளிறல் வேறு விஷயம். அது நகர ஒளி அல்லது நிலவு, ஃபிளாட் அதைத் தொடாது. மென்பொருளில் சரிவு நீக்கும் கருவியைப் பயன்படுத்துங்கள்.

சாய்மழை பெய்தது போல் இரைச்சல் கோடுகள்

அடுக்கிய படத்தின் பின்னணியில் எல்லாம் ஒரே திசையில் சரிந்த மெல்லிய கோடுகள். சென்சாரில் சூடான பிக்சல்கள் அசையாமல் இருக்க, நட்சத்திரங்கள் படத்துக்குப் படம் ஒரே பக்கம் சிறிது சிறிதாக நகர்ந்திருக்கின்றன. நட்சத்திரங்களை ஒன்றின்மேல் ஒன்று பொருத்தி அடுக்கும்போது அந்தப் பிக்சல்கள் கோடாகின்றன. எத்தனை டார்க் எடுத்தாலும் முழுக்கப் போகாது, அதுவும் குளிரூட்டாத கேமராவில் இரவின் வெப்பம் மாறிக்கொண்டே இருக்கும்போது. டிதரிங்தான் தீர்வு: படங்களுக்கு இடையே தொலைநோக்கியைப் பத்துப் பதினைந்து பிக்சல் ஏதோவொரு திசையில் தள்ளிவிடுவது. கைடிங் மென்பொருள் தானாகச் செய்யும். கைடிங் இல்லாவிட்டால் ஐந்தாறு படங்களுக்கு ஒரு முறை கைக் கட்டுப்பாட்டில் ஒரு தட்டு, அடுத்த முறை வேறு பக்கம் ஒரு தட்டு. இவ்வளவு குறைந்த உழைப்பில் இவ்வளவு பலன் தரும் வேறு எதுவும் இந்தக் கலையில் இல்லை.

அடுக்கும் மென்பொருள் படங்களை ஏற்க மறுக்கிறது

ஐம்பது படம் கொடுத்தால் ஒன்றைத்தான் அடுக்குவேன் என்று சொல்லும். நட்சத்திரங்களை அது அடையாளம் காணவில்லை. டீப்ஸ்கைஸ்டேக்கர் மென்பொருளில் நட்சத்திரம் கண்டறியும் வரம்பைக் குறைத்துப் பாருங்கள். மிகக் குறைத்தால் இரைச்சலையும் நட்சத்திரமாக எண்ணும். சில நூறு நட்சத்திரங்களைக் காட்டும் அளவில் நிறுத்துங்கள். வரம்பைக் குறைத்தும் ஏற்கவில்லை என்றால் படங்கள் ஃபோகஸ் விலகியவை அல்லது கோடானவை; மேலே சென்று அந்தந்த அறிகுறியைப் பாருங்கள். ஜேபெக் படங்களைக் கொடுத்திருந்தால் ரா கோப்புகளுக்கு மாறுங்கள். மென்பொருள் தரும் மதிப்பெண் பட்டியலில் கடைசியாக நிற்கும் படங்களை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்துக் கழியுங்கள். அவை கெட்ட காரணத்தை அந்த இரவின் குறிப்புத் தாளில் நேரத்தோடு எழுதிவையுங்கள்.